இரண்டு வருடமாக மினியேச்சர் பெயிண்ட் செய்கிறேன், முகம் மட்டும் தேறவில்லை

வண்ணை_வாசி | அக்டோபர் 14, இரவு 11.50

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை. கடை சாத்தி வீடு வந்து சாப்பிட்டு முடிக்கப் பத்தரை ஆகிவிடும். அதற்கப்புறம் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில்தான் 28 மி.மீ. உயரமுள்ள சின்னப் பொம்மைகளுக்குப் பெயிண்ட் செய்கிறேன். இரண்டு வருடத்தில் 43 பொம்மை முடித்திருக்கிறேன்.

ஆயுத பூஜைக்காக அலமாரியைத் துடைத்தபோது, மூன்றாவதாகச் செய்த ஈட்டிக்காரனையும் கடைசியாகச் செய்த வில்லாளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். துணி மடிப்பு பரவாயில்லை. கவசம் நன்றாகவே வந்திருக்கிறது. முகம் மட்டும் இரண்டிலும் ஒரே மாதிரி. மூக்கின் இரண்டு பக்கமும் பெயிண்ட் அப்பியிருக்கிறது. கண் இருக்க வேண்டிய பள்ளம் தூர்ந்துவிட்டது. வாய் எங்கே முடிகிறது, தாடை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இதை மறைக்கப் பிரவுன் வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்த பிரவுன் பெயிண்ட் போட்டால், அது கன்னத்தில் தேங்கிக் காய்ந்து அடிபட்ட காயம் மாதிரி விளிம்பு கட்டிவிடுகிறது.

செய்யச் செய்ய வரும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். 43 செய்தும் எனக்கு வரவில்லை. பெயிண்ட்தான் காரணமோ என்று சந்தேகம். பாதி கேம்லின், பாதி மினியேச்சருக்கென்றே வரும் வலேஹோ வைத்திருக்கிறேன். முழு செட்டாக நல்லது வாங்கினால் மாதச் சேமிப்பு மொத்தமும் போய்விடும். அதற்கு முன் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

பெரம்பூர்_பட்டறை | அக்டோபர் 15, காலை 7.10

வாங்காதீர்கள். முதலில் நான்கு விஷயம் சொல்லுங்கள். என்ன பிரஷ்? பெயிண்டில் எவ்வளவு தண்ணீர்? விளக்கு எங்கே இருக்கிறது? ஒரு பொம்மைக்கு எத்தனை நாள்?

வண்ணை_வாசி | அக்டோபர் 15, இரவு 11.05

அண்ணா, முகத்துக்கு மூன்று சைபர் நைலான் பிரஷ். இருப்பதிலேயே சின்னது அதுதான். பெயிண்டைப் பழைய சிடி மேல் பிதுக்கி, பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி எடுத்து அதோடு கலந்துகொள்வேன். விளக்கு என்று தனியாக இல்லை, தலைக்கு மேலே டியூப் லைட்தான். ஒரு பொம்மைக்கு இரண்டு இரவு, சில நேரம் மூன்று. முடிந்ததும் அலமாரிக்குப் போய்விடும், அடுத்தது வேறு பொம்மை. ஒரே பொம்மையை இரண்டு தரம் செய்ததில்லை.

பெரம்பூர்_பட்டறை | அக்டோபர் 16, காலை 6.45

சரி, விஷயம் பிடிபடுகிறது. நான் ரயில் மாடல் ஆள். 1:87 அளவில் பிளாட்பாரத்தில் நிற்கும் ஆள் இரண்டு சென்டிமீட்டர்தான் இருப்பார். உங்களுடையதை விடச் சின்னது. அந்த ஆளுக்குக்கூட நான் மூன்று சைபரைத் தொடுவதில்லை.

மெல்லிய பிரஷ்ஷில் மெல்லிய கோடு வரும் என்பது எல்லோருக்கும் வரும் எண்ணம்தான். எனக்கும் இருந்தது. கோட்டை முடிவு செய்வது பிரஷ்ஷின் முனை, அதன் பருமன் இல்லை. மூன்று சைபரில் நாலு முடிதான் இருக்கும். அதில் நிற்கும் பெயிண்ட் ஒரு துளிகூட இல்லை. மேலே ஃபேன் வேறு ஓடும். பாட்டிலில் இருந்து பொம்மை வரை கை போவதற்குள் முனையில் பெயிண்ட் காய்ந்துவிடும். காய்ந்த முனையை முகத்தில் வைத்து அழுத்துகிறீர்கள், அது அப்பத்தான் செய்யும். ஒன்றாம் நம்பர் ரவுண்ட் பிரஷ் வாங்குங்கள். நனைத்து உதறினால் முடி எல்லாம் ஒரே கூராகச் சேர வேண்டும், அது ஒன்றைக் கடையிலேயே பாருங்கள். வயிறு பெரிதாக இருப்பதால் ஈரம் நிற்கும், முனையில் வேலை நடக்கும்.

இன்னொன்று. கீரி முடி பிரஷ் என்று யாராவது காட்டினால் தொடாதீர்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ஒரு பிரஷ்ஷுக்காக ஓர் உயிரை அடித்துக் கொல்கிறார்கள். நல்ல செயற்கை முடி பிரஷ்ஷே நமக்குப் போதும்.

பெயிண்டின் பதம். இப்போது நீங்கள் போடுவது இட்லி மாவு. வேண்டியது பால். பெயிண்ட் கலக்கும் பேலட்டில் பிரஷ்ஷை இழுத்தால் பின்னால் வரும் தடம் மூடாமல், கொஞ்சம் அடி தெரிய வேண்டும். முதல் பூச்சில் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். நன்றாகக் காயவிட்டு இரண்டாவது பூச்சு போட்டால் சேர்ந்துவிடும். பிறகு முக்கியமான ஒன்று: பெயிண்டைத் தொட்ட பிரஷ்ஷை அப்படியே பொம்மைக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒரு முறை டிஷ்யூவில் தொட்டு உபரி ஈரத்தை எடுத்துவிடுங்கள். உங்கள் வாஷ் கன்னத்தில் தேங்குவதும் இதனால்தான். வாஷ் போட்டதும் பிரஷ்ஷைக் கழுவி, டிஷ்யூவில் ஒற்றி, அந்த ஈரப் பிரஷ்ஷாலேயே தேங்கிய இடத்தில் தொட்டால் உறிஞ்சிக்கொள்ளும். காய ஆரம்பித்த பிறகு தொட்டால் தோலுரிந்துவிடும்.

சிடியைத் தூக்கிப் போடுங்கள். மூடி இறுக்கமான டிபன் டப்பா ஒன்று எடுங்கள். அடியில் சமையலறை ஸ்பாஞ்ச், அது முழுக்க நனையும் அளவு தண்ணீர், மேலே கேக் செய்பவர்கள் விரிக்கும் பேக்கிங் தாள். மெழுகு பூசிய தாள் உதவாது, அதில் தண்ணீர் ஊடுருவாது. தாள் மேல் வைத்த பெயிண்ட் மணிக்கணக்கில் காயாது. நம் ஊர் வெக்கையில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை வாடை வரும், அதனால் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். வீட்டில் ஒத்துக்கொண்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம்.

கேம்லினைக் குறை சொல்ல மாட்டேன். கேன்வாஸுக்கான பெயிண்ட் என்பதால் நிறத்துகள் கொஞ்சம் பெரிது. உடைக்கும் தரைக்கும் தாராளமாகப் போடுங்கள். முகத்துக்கு மட்டும் வலேஹோவை வைத்துக்கொள்ளுங்கள்.

கொசப்பேட்டை_மண் | அக்டோபர் 16, இரவு 9.30

கொலு வேலை இப்போதுதான் முடிந்தது, இன்றுதான் உட்கார்ந்து படிக்கிறேன். பெரம்பூர் அண்ணன் கருவியைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் பழக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

43 பொம்மை செய்தேன் என்கிறீர்கள். என் கணக்கில் நீங்கள் 43 முறை முதல் பொம்மையைச் செய்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் வேறு முகம், வேறு அச்சு. போன தடவை எங்கே சறுக்கியது என்று சரிபார்க்க அந்த இடமே மறுபடி கைக்கு வரவில்லை. இது குற்றம் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஒரே அச்சில் இறங்கிய பொம்மை வரிசையாக நிற்கும். சின்னப் பையனாக இருந்தபோது எனக்குக் கிடைத்த வேலை வெள்ளை அடிப்பது மட்டும்தான். அப்புறம் புடவைக் கரை. அப்புறம் கை, கால். கண்ணுக்கு விட்டது நாலாவது வருடம். ஒரே செட்டியார் பொம்மைக்கு, ஒரே இடத்தில், ஒரே மீசையை எத்தனை முறை போட்டேனோ தெரியாது. முப்பதாவது மீசை வரும்போது கை தானாக வளைகிறது. அப்போதுதான் கண்ணுக்கு ஓய்வு கிடைத்து, அது மீசையை விட்டுவிட்டு உதட்டைப் பார்க்க ஆரம்பிக்கிறது.

ஒரே பொம்மை பத்து எடுங்கள். முகம் மட்டும் செய்யுங்கள். உடம்பு வேண்டாம்.

எண்ணூர்_அலை | அக்டோபர் 17, பிற்பகல் 2.15

கொசப்பேட்டை அண்ணா சொல்வதில் எனக்குப் பாதிதான் சம்மதம். ஒரு போர் விளையாட்டுக்காக ஒரே சிப்பாயை அறுபது செய்தவள் நான். அறுபதாவது சிப்பாய் முதல் சிப்பாயை விடச் சீக்கிரம் முடிந்தான், அவ்வளவுதான். கை வேகமானது, பார்வை அங்கேயே நின்றது. ஒரே தப்பை அறுபது முறை பழகிக்கொண்டேன். அதைக் கழற்றப் பிறகு ஒரு வருடம் ஆனது.

எனக்குத் திருப்பம் வந்தது ஒரே ஒரு மார்பளவுச் சிலையில். மூன்று மாதம் அதை மட்டுமே வைத்திருந்தேன். பிடிக்காத இடத்தை மறுபடி மூடி, மறுபடி செய்து, இதற்கு மேல் எனக்குத் தெரியாது என்னும் இடம் வரை தள்ளினேன். வழக்கமாக நிறுத்தும் இடத்தைத் தாண்டிப் போனபோதுதான் புதிதாக ஒன்று கிடைத்தது.

தோல் நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். பாட்டிலில் 'ஃபிளெஷ்' என்று எழுதி வருவது வெள்ளைக்காரர் தோல். அதில் பிரவுன் கலந்தால் நம் நிறம் வராது, சாம்பல் பூத்துத்தான் வரும். ஒரு நாள் விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் நில்லுங்கள். கூடை தூக்குபவரின் தோளைப் பாருங்கள். வெளிச்சம் படும் மேட்டில் வெள்ளை கிடையாது, வானத்தின் நீலச் சாம்பல் மினுங்கும். அதற்குக் கீழே செம்பு. அதற்கும் கீழே, அக்குள் பக்கம், கத்தரிக்காய்த் தோல் மாதிரி ஊதா கலந்த கருமை. நான் அடர் பிரவுனில் ஒரு பொட்டு சிவப்பு சேர்த்து ஆரம்பிப்பேன். நிழலுக்குக் கறுப்பைத் தொடாமல் அடர் நீலம். மேட்டுக்கு ஆரஞ்சு, அப்புறம் காவி மஞ்சள். கடைசியாக மூக்கு நுனி, கன்ன எலும்பு, கீழ் உதடு, இந்த மூன்று இடத்தில் மட்டும் வெளிர் நீலச் சாம்பலில் ஒரு தொடல்.

கொசப்பேட்டை_மண் | அக்டோபர் 17, இரவு 10.00

> ஒரே தப்பை அறுபது முறை பழகிக்கொண்டேன்

இது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அது நடக்காததற்குக் காரணம் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது பொம்மையிலேயே விரலைத் தட்டிவிடுவார். தனியாகச் செய்பவருக்கு அந்த ஆள் இல்லை. அப்படியானால் பத்தையும் வரிசையாக அடிக்கக் கூடாது. ஒன்றை முடித்து, மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்து, எது கெட்டது என்று ஒரே ஒரு வரி எழுதி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடவேண்டும். அடுத்ததில் அந்த ஒன்றை மட்டும் திருத்த வேண்டும்.

எண்ணூர்_அலை | அக்டோபர் 17, இரவு 10.20

இதற்கு நான் முழுச் சம்மதம்.

ராயபுரம்_8 | அக்டோபர் 18, காலை 9.00

நடுவில் ஒரு கேள்வி. நேற்று மழை விட்ட நேரம் பார்த்து மொட்டை மாடியில் ஸ்ப்ரே பிரைமர் (பெயிண்டுக்கு முந்தின அடிப்பூச்சு) அடித்தேன். ரவை தூவிய மாதிரி சொரசொரப்பாக வந்திருக்கிறது. டப்பா போலியா?

பெரம்பூர்_பட்டறை | அக்டோபர் 18, காலை 9.40

டப்பா நன்றாகத்தான் இருக்கும், காற்றில்தான் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் ராயபுரத்தில் ஸ்ப்ரே அடிப்பது பந்தயம் கட்டுவது மாதிரி. தூரத்தில் இருந்து அடித்தாலும் துளி பாதி வழியிலேயே காய்ந்து தூளாக ஒட்டும். 20 முதல் 25 செ.மீ. தூரத்தில், சின்னச் சின்ன வீச்சாக, நல்ல வெயில் அடிக்கும் மதியத்தில் மட்டும் அடியுங்கள். மழைக்காலம் முடியும் வரை பிரஷ்ஷால் போடும் பிரைமர்தான் நிம்மதி. கடைசியில் அடிக்கும் பளபளப்பில்லாத மேல்பூச்சு, அந்த மேட் வார்னிஷுக்கும் இதே எச்சரிக்கை. ஈரக் காற்றில் அடித்தால் வெள்ளைப் படலம் கட்டி, முடித்த வேலையே பாழாகிவிடும்.

பிரைமருக்கு முன் பொம்மையைப் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துக் கழுவுகிறீர்களா? அச்சில் இருந்து கழற்றப் பூசும் எண்ணெய் மேலே ஒட்டியிருந்தால் எந்தப் பிரைமரும் பிடிக்காது.

ராயபுரம்_8 | அக்டோபர் 18, காலை 9.55

கழுவவில்லை. இனி கழுவுகிறேன். நன்றி.

என்னிடம் ரெசின் பிரிண்டர் இருக்கிறது, ரெசின் என்னும் திரவத்தை இறுகவைத்துப் பொம்மை எடுக்கும் 3டி பிரிண்டர். வண்ணை நண்பருக்கு ஒரே தலை பத்து வேண்டுமென்றால் நான் எடுத்துத் தருகிறேன். முழு உடம்பு எதற்கு, தலை மட்டும் போதுமே. கழுத்தில் ஓட்டை விட்டே அடிக்கலாம். கையுறை போட்டு ஆல்கஹாலில் அலசி, புற ஊதா விளக்கில் நன்றாக இறுகவைத்துத்தான் கொடுப்பேன். இறுகாத ரெசினை வெறும் கையால் தொடக் கூடாது.

வண்ணை_வாசி | அக்டோபர் 18, இரவு 11.15

என்ன சொல்வதென்று தெரியவில்லை. ரொம்ப நன்றி. கட்டாயம் வாங்கிக்கொள்கிறேன், ரெசின் செலவை நான்தான் தருவேன். ஞாயிற்றுக்கிழமை ஆண்டர்சன் தெருவுக்குப் போய் ஒன்றாம் நம்பர் பிரஷ்ஷும் தாளும் வாங்கிவிடுகிறேன்.

ஒரு சந்தேகம். கண்ணை முதலில் வைப்பதா, கடைசியில் வைப்பதா?

கொசப்பேட்டை_மண் | அக்டோபர் 19, காலை 8.05

கடைசியில். எங்களுக்கு இது பெயிண்ட் கணக்கு மட்டும் இல்லை. கண் திறப்பது என்றே சொல்வோம். அதுவரை அது மண். மற்ற வேலை எல்லாம் முடிந்து, கை கழுவி, பொம்மையை நேராக நம் முகத்துக்கு எதிரே வைத்துத்தான் கண் திறப்போம். மூச்சை வெளியே விட்ட பிறகு, அடுத்த மூச்சு உள்ளே வருவதற்கு முன் இருக்கும் அந்த இடைவெளியில் கோடு இழுக்க வேண்டும். நெஞ்சு அசையாது, கையும் அசையாது.

எண்ணூர்_அலை | அக்டோபர் 19, காலை 10.30

மூச்சு விஷயம் அருமை, நானும் எடுத்துக்கொள்கிறேன். வரிசை மட்டும் இங்கே ஒத்து வராது அண்ணா.

ஒரு அடி கொலு பொம்மையில் கண்ணே ஒரு சென்டிமீட்டர் இருக்கும். 28 மி.மீ. ஆளுக்கு மொத்த முகமும் நாலைந்து மில்லிமீட்டர். கண் அதில் ஒரு கீறல். எவ்வளவு பழகினாலும் வெள்ளை வெளியே வழியும். கன்னம் எல்லாம் முடித்த பிறகு வழிந்தால், அழகாக வந்த கன்னத்தைக் கெடுத்துத்தான் கண்ணைத் திருத்த முடியும். முதலிலேயே கண்ணை வைத்துவிட்டால் தாராளமாக வழியட்டும், தோல் நிறத்தால் மேல் இமையையும் கீழ் இமையையும் பிறகு செதுக்கிக்கொள்ளலாம். கண்ணின் வடிவத்தைக் கொடுப்பது அந்தத் தோல் நிறம்தான்.

நான் செய்வது இப்படி. பள்ளம் முழுக்கக் கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பிரவுன். அதன் மேல் கொஞ்சம் சந்தனம் கலந்த வெள்ளை, குறுக்கே ஒரு சின்னக் கோடு. சுத்த வெள்ளை போட்டால் முகத்தில் கண் மட்டும் துருத்தும். கருவிழியைப் புள்ளியாக வைக்காதீர்கள். புள்ளியைச் சுற்றி வெள்ளை தெரிந்தால் பேயைப் பார்த்த மாதிரி முழிக்கும். மேல் இமையில் தொடங்கிக் கீழ் இமை வரை தொடும் ஒரு நெட்டுக்கோடாக இழுங்கள். பிறகு தோல் நிறத்தால் சுற்றிலும் ஒதுக்குங்கள். வலது கைக்காரருக்கு எந்தப் பக்கம் எட்டச் சிரமமோ அந்தக் கண்ணை முதலில் முடித்துவிடுங்கள். வசதியான கண்ணை அதற்குப் பொருத்துவது சுலபம்.

பழைய_போர்டு | அக்டோபர் 20, மாலை 6.30

தம்பி, நான் இந்தச் சின்னப் பொம்மை செய்ததில்லை. என் பேரன் செய்கிறான், அவன்தான் இதைப் படித்துக் காட்டினான். சொல்லச் சொல்ல அவனே தட்டச்சும் செய்கிறான்.

நான் சினிமா பேனர் வரைந்தவன். ஃபிளெக்ஸ் வந்து வேலை நின்ற பிறகு கடை போர்டு எழுதினேன். இருபதடி முகம் வரைந்திருக்கிறேன். சாரத்தில் நிற்கும்போது என் கண் எதிரே ஒரு மூக்குத் துவாரம்தான் தெரியும், முகம் தெரியாது. கன்னத்தில் ரோஸ், தாடைக்கு அடியில் பச்சை, நெற்றி ஓரத்தில் நீலம் என்று அப்புவோம். கிட்டே நின்று பார்த்தால் சந்தைக்கடை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் ஆள் உயிரோடு நிற்பார்.

உன் பொம்மைக்கும் அதே கணக்குதான். நீ நாலு விரல் தூரத்தில் வைத்து வேலை செய்கிறாய். பார்ப்பவன் கை நீட்டும் தூரத்தில் பார்ப்பான். உனக்குக் கிட்டே சரியாகத் தெரியும் நிழல், அவனுக்குத் தெரியவே தெரியாது. அதனால் நிழலையும் வெளிச்சத்தையும் உனக்கே கூடுதல் என்று தோன்றும் அளவுக்குப் போடு. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கையை முழுதாக நீட்டி, கண்ணைப் பாதி மூடிப் பார். முகம் ஒரே தட்டாகத் தெரிந்தால் நிழல் போதவில்லை.

நாங்கள் எழுத்து எழுதும்போது கையைத் தாங்க ஒரு கம்பு வைத்துக்கொள்வோம், நுனியில் துணி சுற்றியிருக்கும். நீ பொம்மையை மருந்து பாட்டில் மூடி மேல் ஒட்டிக்கொள். பாட்டில் இடது கையில். இரண்டு முழங்கையும் மேஜை மேல். இரண்டு மணிக்கட்டின் அடிப்பாகமும் ஒன்றோடு ஒன்று சேர்ந்திருக்கட்டும். ஒரு கை நடுங்கினால் இன்னொன்றும் சேர்ந்தே நடுங்கும், இரண்டுக்கும் நடுவில் கோடு நேராக இருக்கும்.

விளக்கு முன்னால், இடது பக்கம். வலது பக்கம் வைத்தால் உன் கை நிழலிலேயே நீ வேலை செய்ய வேண்டியிருக்கும். தலைக்கு மேலே டியூப் லைட் என்றாயே, அது உன் தலையின் நிழலைத்தான் பொம்மை மேல் போடுகிறது.

வண்ணை_வாசி | அக்டோபர் 20, இரவு 11.30

ஐயா, கும்பிடுகிறேன். இப்போதே பாட்டிலைக் கையில் பிடித்து மணிக்கட்டைச் சேர்த்துப் பார்த்தேன். இரண்டு வருடமாக ஒரு கையைக் காற்றில் வைத்துச் செய்திருக்கிறேன்.

வண்ணை_வாசி | நவம்பர் 23, இரவு 11.40

ஒரு மாதம் கழித்து வருகிறேன். ராயபுரம் நண்பர் பத்துத் தலை கொடுத்தார். ஒவ்வொன்றையும் ஒரு ஊதுபத்திக் குச்சியில் செருகி, தெர்மகோலில் நட்டு வைத்திருக்கிறேன். 6500 கே (பகல் வெளிச்ச நிறம்) என்று போட்ட வெள்ளை எல்இடி மேஜை விளக்கு ஒன்று வாங்கினேன். இதுவரை நாலு முகம் முடிந்தது. படம் இணைத்திருக்கிறேன். நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன்.

முதல் தலை: 'பெயிண்ட் தண்ணி. கண்ணுக்குள் ஓடிவிட்டது.' பால் பதம் என்று நினைத்து நீர்மோராகக் கலந்துவிட்டேன். டிஷ்யூவில் தொடவும் மறந்தேன். இரண்டாவது: 'கண் ஓகே. இரண்டும் வேறு வேறு திசை.' மூன்றாவது: 'மூக்கு பக்கம் நிழல் பிடித்தது. அப்பவில்லை!' அந்த இரவு தூக்கமே வரவில்லை. தங்கச்சியை எழுப்பிக் காட்டினேன். நாலாவது, மூன்றாவதை விட மோசம். கண்ணைச் சுற்றி ஒதுக்கும்போது கை சோர்ந்து கீழ் இமையை மொத்தமாக மூடிவிட்டேன். அன்று கடையில் பண்டிகைக் கூட்டத்துக்கு அப்புறம் ஸ்டாக் எடுத்த நாள், பதினோரு மணிக்குத்தான் உட்கார்ந்தேன்.

கொசப்பேட்டை_மண் | நவம்பர் 24, காலை 7.30

மூன்றாவதையும் நாலாவதையும் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலாவதில் இமை போனது உண்மை. உதட்டைப் பாருங்கள், மூன்றாவதை விட நன்றாக இருக்கிறது. கீழ் உதட்டில் வெளிச்சம் சரியான இடத்தில் இருக்கிறது. அதைக் கவனித்தீர்களா?

களைத்த நாளில் முகத்தைத் தொடாதீர்கள். அந்த நாளுக்குச் செருப்பு, தரை, வாள் உறை என்று வேலை எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் வெள்ளை அடிப்பதும் மண் தேய்ப்பதும் அந்தி வேலை, கண் திறப்பது காலை வேலை.

அப்புறம், எண்ணூர் தங்கைக்கு ஒரு செய்தி. அக்கம்பக்கத்துப் பையனிடம் ஒரு மினியேச்சர் வாங்கி, நீங்கள் சொன்னபடி கண்ணை முதலில் வைத்துச் செய்து பார்த்தேன். இந்த அளவுக்கு அதுதான் சரி. ஆனால் கருவிழிக் கோட்டை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். வெள்ளை முதலில், தோல் அப்புறம், கருவிழி எல்லாம் முடிந்த பிறகு. அதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

எண்ணூர்_அலை | நவம்பர் 24, பகல் 1.00

விட வேண்டாம் அண்ணா. நானும் அடுத்ததில் அப்படிச் செய்து பார்க்கிறேன்.

வண்ணை தம்பி, ஐந்தாவதில் நிறத்தை மாற்றுங்கள். இது வரை நாலும் ஒரே தோல் நிறம். காசிமேடு போனீர்களா?

வண்ணை_வாசி | ஜனவரி 18, இரவு 10.50

பத்தும் முடிந்தது. படம் இணைத்திருக்கிறேன். முதல் வரிசை இடமிருந்து வலமாக 1 முதல் 5, கீழே 6 முதல் 10.

அக்கா, போனேன். பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, விடியும் முன் போய் நின்றேன். ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தேன். படகு விளக்கு ஒரு பக்கம் மஞ்சளாக, கடல் பக்கம் வானம் நீலமாக. மூக்கின் நடுக்கோட்டில் இரண்டும் சந்தித்தன. இரண்டு வருடமாக மூக்குக்கு நான் ஒரே நிறத்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். 8-வது தலை அவர்தான். இடது கன்னத்தில் காவி மஞ்சள், வலது கன்னத்தில் நீலச் சாம்பல்.

9-வதில் கண் இரண்டும் ஒரே பக்கம் பார்க்கின்றன. 10-வதில் அது திரும்பவும் தவறிவிட்டது. ஆனால் எந்த இடத்தில் தவறியது என்று நோட்டைப் பார்க்காமலே தெரிந்தது: மூச்சு உள்ளே வரும்போது இழுத்துவிட்டேன். முதல் தலையில் தவறியபோது ஏன் என்றே எனக்குத் தெரியாது.

புது பெயிண்ட் ஒன்றும் வாங்கவில்லை. வாங்கியது பிரஷ், விளக்கு, ஒரு கட்டு ஊதுபத்தி.

பழைய_போர்டு | ஜனவரி 19, மாலை 5.15

பேரன் போனில் காட்டினான். கையை நீட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். எட்டாவது ஆளை எனக்குத் தெரிந்த மாதிரி இருக்கிறது தம்பி.

ஒன்பதாவதுக்குத் தாடைக்குக் கீழே நிழல் போதவில்லை. தலை கழுத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கே கொஞ்சம் நீலம் வை.

வண்ணை_வாசி | ஜனவரி 19, இரவு 11.20

வைத்துவிட்டேன் ஐயா. தலை இப்போது கழுத்தில் இருந்து தனியாகத் தெரிகிறது. காய்ந்ததும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுகிறேன்.

ராயபுரம் நண்பருக்கு: அடுத்து கை விரல். பொருளைப் பிடித்த மாதிரி ஒரு கை, பத்து எண்ணம் கிடைக்குமா?

ராயபுரம்_8 | ஜனவரி 20, காலை 8.10

கிடைக்கும். இடது கையா, வலது கையா?